இரண்டு மூன்று தொழில்களை ஒரே ஆள் நடத்துவது: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

ஒன்றுக்கு மேற்பட்ட தொழிலில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "இரண்டாவது தொழிலுக்கு வாரம் எத்தனை மணி நேரம் வேண்டும்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தொழிலில் யாராவது உங்களைக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்?

பத்து நாள் கெடு உள்ள மொழிபெயர்ப்பு வேலைக்கு வாரம் 20 மணி நேரம் போகலாம். வாடிக்கையாளர்கள் ஒரு மணி நேரத்துக்குள் பதில் எதிர்பார்க்கும் ஆன்லைன் கடைக்கு 8 மணி நேரம்தான் போகலாம். ஆனாலும் ஆளை வேகமாகத் தேய்ப்பது கடைதான். அந்த 8 மணி நேரம் போக மீதியுள்ள 160 மணி நேரமும் காது போனிலேயே இருக்கும். ஆகவே ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொரு தொழிலுக்கும் நேராக அதன் பதில் கெடுவை எழுதிவையுங்கள்: ஒரு மணி நேரமா, ஒரு நாளா, ஒரு வாரமா, அதற்கும் மேலா? கீழே வரும் ஏற்பாடுகளில் எது உங்களுக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு குறிப்பே சொல்லிவிடும்.

முதலில் நேரக் கணக்கு

வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாளுக்கு 8 என்றால் 56 போய்விடும். சமையல், குளியல், துணி, வீட்டு வேலை, போக்குவரத்து எல்லாம் நாளுக்கு 4 என்று வைத்தால் 28. குடும்பம், நண்பர்கள், உடற்பயிற்சி, சும்மா உட்கார்ந்திருப்பது ஆகியவற்றுக்கு இன்னொரு 28. மிஞ்சுவது 56. இதிலும் எட்டில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் விட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும், ஒரு வேலையைத் திரும்பச் செய்ய நேரும். இவை எப்போது வரும் என்று தெரியாதே தவிர, வரும் என்பது உறுதி. கடைசியில் எல்லாத் தொழில்களுக்கும் சேர்த்துக் கையில் நிற்பது 49 மணி நேரம்.

இந்தக் கணக்கைக் கறாராகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் கூடுதலாக இருந்தது. உடம்புக்கு எந்த மணி நேரம் எந்தத் தொழிலுடையது என்று தெரியாது. மொத்தத்தைத்தான் அது சுமக்கிறது.

முழுநேர வேலை 40 மணி நேரம் என்றால் மிச்சம் 9. ஒவ்வொரு தொழிலுக்கும் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு நிலையான செலவு நேரம் உண்டு: மெயில், பில் போடுவது, பாக்கி வசூல், கணக்கு, மென்பொருள் புதுப்பிப்பு, அந்தத் துறையில் நடப்பதைப் படிப்பது. குறைத்துப் போட்டாலும் வாரம் 3 மணி நேரம் என்று வையுங்கள். இரண்டாவது தொழிலுக்கு உண்மையான உழைப்பு நேரம் 6 ஆகிறது. மூன்றாவது ஒன்றையும் சேர்த்தால் செலவு நேரமே 6 ஆகி, இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம்தான் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை. முழுநேர வேலையையும் சேர்த்து மூன்று தொழில் நடத்துபவர்கள் ஏன் எப்போதும் எதையாவது "முடிக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கழித்தல் போதும். சோம்பல் என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வது நியாயமே இல்லை.

இந்த இடத்தில் பலர் கைவைப்பது தூக்கத்தில். 2003ல் வெளியான ஓர் ஆய்வில், 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனத் திறன், ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களோ தங்களுக்கு லேசான தூக்கக் கலக்கம்தான் என்று நினைத்தார்கள். "எனக்கு ஆறு மணி நேரம் பழகிவிட்டது" என்ற சொல்லை நம்பித் தொழில் ஏற்பாடு செய்யக்கூடாது.

ஒவ்வொரு நாளையும் பிரித்துக்கொள்வது

பகலில் நிலையான வேலை, காலையிலோ மாலையிலோ இன்னொன்று. பெரும்பாலோர் யோசிக்காமலே இதில்தான் தொடங்குகிறார்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும், இரண்டாவது தொழில் தோற்றாலும் வீடு ஓடும் என்பது இதன் பெரிய பலம்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். நிலையான வேலை ஒரு நேரத்தில் உண்மையாகவே முடிய வேண்டும். இரண்டாவது தொழிலின் பதில் கெடு ஒரு வாரமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1905ல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரைகள் வந்தது அந்த வேலையில் இருந்தபோதுதான். மேதைமையைத் தனியே வைத்துவிட்டு ஏற்பாட்டை மட்டும் பாருங்கள். மாலையில் அலுவலகம் பூட்டிய பிறகு ஒரு காப்புரிமை விண்ணப்பம் வீடு தேடி வருவதில்லை. இயற்பியல் கட்டுரையை நாளைக் காலைக்குள் கேட்டு யாரும் நிற்பதும் இல்லை.

எழுத்து, இசைப் பயிற்சி, புது மொழி, ஓவியம் என்று தினமும் கொஞ்சம் கை பட்டால்தான் வளரும் தொழில்களுக்கு இது சரி. காலையா மாலையா என்றால், பகல் வேலை முடிவெடுக்கும் வேலையாகவோ மனிதர்களோடு மல்லுக்கட்டும் வேலையாகவோ இருப்பவர்களுக்குக் காலை 90 நிமிடம் மாலை மூன்று மணி நேரத்தைவிட மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஐந்து மணிக்கு எழுபவர் ஒன்பது, ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். படுக்கும் நேரத்தை மாற்றாமல் எழும் நேரத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

கிளையன்ட் உள்ள தொழிலுக்கு இந்த ஏற்பாடு ஆகாது. பகல் இரண்டு மணிக்கு அவர் கூப்பிடுவார், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள், கழிப்பறைக்குப் போய்ப் பதில் அனுப்புவீர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பக்கத்திலும் நம்பிக்கை குறையும்.

நாட்களைப் பிரிப்பது

திங்கள் முதல் புதன் வரை ஒன்று, வியாழன் வெள்ளி மற்றொன்று. பகுதிநேர ஒப்பந்தமோ ஃப்ரீலான்ஸோ செய்பவர்களுக்கு இது கைகூடும். இரண்டு தொழிலிலும் பதில் கெடு ஒரு வேலை நாளுக்குக் குறையாமல் இருந்தால், எங்கள் முதல் தேர்வு இதுதான்.

காரணம் கவனம் மாறும் விதத்தில் இருக்கிறது. முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போனால், மனதில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009ல் காட்டினார். அப்படித் தங்குவதால் அடுத்த வேலையின் தரம் குறைகிறது. ஆகவே மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான் லாபம். திங்கள், புதன், வெள்ளி ஒன்று, செவ்வாய், வியாழன் மற்றொன்று என்று பிரித்தால் வேலை நாட்களுக்குள் நான்கு மாற்றம். முதல் மூன்று நாள், அடுத்த இரண்டு நாள் என்று சேர்த்து வைத்தால் ஒன்றே ஒன்று.

மாறும்போது செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. பத்து நிமிடம் போதும். எங்கே நிறுத்தினேன், அடுத்து உட்காரும்போது முதலில் செய்வது என்ன, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறேன், எந்தத் தேதிக்குள் என்று நான்கு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்து செய்யப்போவதை எழுதிவைத்தால் அந்த மனத் தங்கல் குறைகிறது என்பதும் லெராயின் பிந்தைய ஆய்வில் தெரிந்தது. "ஞாபகம் இருக்கும்" என்று விடுவதில்தான் வியாழன் காலை முழுக்கப் புதன்கிழமையைத் தேடுவதில் போகிறது.

இந்த ஏற்பாடு உடையும் இடம் கசிவு. திங்கட்கிழமைக் கிளையன்ட் வியாழனன்று அழைப்பார். கதவை முழுக்க மூடினால் தொழில் போகும், முழுக்கத் திறந்தால் ஏற்பாடு போகும். மற்றத் தொழிலின் செய்திகளுக்குக் காலை 20 நிமிடம், மாலை நான்கு மணிவாக்கில் 20 நிமிடம் என்று இரண்டு ஜன்னல் மட்டும் வையுங்கள். தனித்தனி எண், தனித்தனி மெயில், போனில் தனித்தனி ப்ரொஃபைல் இருக்கட்டும். எந்தெந்த நாளில் கிடைப்பீர்கள் என்பதை மெயிலின் அடியிலும் முதல் ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள். சேரும் நாளில் சொன்னால் அது உங்கள் வேலை முறை. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அவர்கள் காதுக்குக் குறைப்பாகத்தான் கேட்கும்.

பருவமாகப் பிரிப்பது

சில மாதம் ஒன்று, சில மாதம் மற்றொன்று. கல்வியாண்டை ஒட்டிய வேலை, கணக்குத் தாக்கல் காலம், சுற்றுலாக் காலம், நிகழ்ச்சி ஏற்பாடு என்று இயல்பாகவே ஏற்ற இறக்கம் உள்ள தொழில்களுக்கு இது பொருந்தும். ஆழமான வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. ஆனால் மிகக் குறைவானவர்களுக்கே பணம் இடம் கொடுக்கும்.

ஒரு பருவம் ஆறு வாரத்துக்குக் குறைந்தால் பயன் இல்லை. விட்ட தொழிலுக்குத் திரும்பும்போது முதல் இரண்டு வாரம் கை மெதுவாகத்தான் ஓடும். ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு சூடேறுவதிலேயே போகிறது. பத்து, பன்னிரண்டு வாரம் நல்ல அளவு. வருமானம் வராத பருவத்துக்கான முழுச் செலவோடு இன்னும் ஒரு மாதச் செலவையும் முன்கூட்டியே வங்கியில் வைத்திருக்க வேண்டும். பருவம் தொடங்கினாலும் முதல் பணம் தாமதமாகத்தான் வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறு, பருவம் காலண்டரில் முடிவதும் வேலையில் முடியாமல் இழுப்பதும். முந்தியதன் வால் பிந்தியதன் தலையில் விழும். சரியாக இரண்டும் அதிகம் கேட்கும் வாரங்களில். இரண்டு பருவங்களுக்கு நடுவே இரண்டு வாரம் வெறுமையாக விடுங்கள். வால் இழுத்தால் அதில் அடங்கும், இழுக்காவிட்டால் அதுவே உங்கள் விடுமுறை.

ஒரே திறமையைப் பல வடிவில் விற்பது

செவிலியர் ஒருவர் மருத்துவமனையில் வேலை பார்ப்பதோடு மாணவிகளுக்குப் பயிற்சியும் தந்து, உடல்நலம் பற்றி எழுதவும் செய்கிறார் என்று வையுங்கள். மூன்று தொழில், ஒரே அறிவு. படிப்பது ஒருமுறை, பயன்படுவது மூன்று இடத்தில். மேலே சொன்ன நிலையான செலவு நேரம் இங்கே பாதியாகலாம். மூன்று தொழில் நடத்தியே தீரவேண்டும் என்பவர்களுக்கு இதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. திறமை ஒன்றாக இருந்தால் தேய்வதும் ஒரே இடமாக இருக்கும். பகலில் வகுப்பெடுத்து மாலையில் பின்னணிக் குரல் கொடுப்பவருக்கு இரண்டும் தொண்டையில்தான் விழுகின்றன. பகலில் கோடிங், இரவில் வீடியோ எடிட்டிங் என்றால் கண்ணும் மணிக்கட்டும். பகலில் மனநல ஆலோசனை, வார இறுதியில் முதியோர் பராமரிப்பு என்றால் பிறர் துயரத்தைக் கேட்கும் அந்த ஒரே நரம்பு. காலண்டரில் இடம் இருக்கும், ஆளுக்குள் இடம் இருக்காது. வேலையைவிட்டு மனம் முழுதாக விலகும் நேரம்தான் மறுநாளைய தெம்பைத் தருகிறது என்று பணி உளவியல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இரண்டாவது தொழிலும் அதே பிரச்சினைகளையே பேசினால் அந்த விலகல் நடக்கவே நடக்காது.

எனவே உங்கள் ஒவ்வொரு தொழிலும் எதைத் தேய்க்கிறது என்று ஒரு சொல்லில் எழுதிப் பாருங்கள்: கண், குரல், முதுகு, பொறுமை, முடிவெடுக்கும் தெம்பு. ஒரே சொல் இரண்டு முறை வந்தால், அந்த இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வருமானத்துக்கும் இதே எச்சரிக்கைதான். துறை படுத்தால் மூன்றும் சேர்ந்து படுக்கும்.

ஒன்றை மட்டும் உயிரோடு வைத்திருப்பது

இதைப் பலர் தோல்வியாக எண்ணி ஒதுக்குகிறார்கள். அது வருத்தமான விஷயம். ஒரு தொழிலை முழுதாக நடத்தி, மற்றதை வாரம் இரண்டு மணி நேரத்தில் சாகாமல் பார்த்துக்கொள்வது. உரிமம் புதுப்பிக்கும் தேதி தவறாமல், கட்டாயப் பயிற்சி நேரம் இருந்தால் அதை முடித்து, மாதம் ஒரு பழைய தொடர்புக்கு நலம் விசாரித்து, கைப்பழக்கம் போகாமல் சிறு பயிற்சி செய்துவந்தால் போதும். புது வேலை எதையும் ஏற்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. கைக்குழந்தை, நோயாளி, படிப்பு என்று வீட்டில் ஒரு பெரிய பொறுப்பு இருக்கும் காலத்தில் மற்ற நான்கையும்விட இதுவே மேல்.

இதன் எதிர்முனை, இரண்டு முழுத் தொழிலையும் முழு அளவில் நடத்துவது. ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் வேதியியல் பேராசிரியராகவும் இருந்தார். 1869ல் அவர் தொடங்கிய இசை நாடகம் 1887ல் அவர் இறந்தபோதும் முடியாமல் கிடந்தது. ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாஸுனோவும்தான் அதை முடித்துக்கொடுத்தார்கள். பேராசிரியர் வேலையில் மாணவர், பரிசோதனைக்கூடம், கூட்டங்கள் என்று பதில் கெடு தினமும் உண்டு, இசைக்கு இல்லை. கெடு உள்ளது கெடு இல்லாததை எப்போதும் விழுங்கும். நீங்கள் மிகவும் நேசிக்கும் தொழில் கெடு இல்லாத தொழிலாக இருந்தால், அதற்கு வெளியாள் ஒருவரிடம் தேதி சொல்லி ஒரு செயற்கைக் கெடுவை உண்டாக்குங்கள்.

தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும்

இரண்டு வாரம் அரை மணிக்கு ஒரு வரி வீதம் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மற்றத் தொழில் குறுக்கிட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். நாளுக்கு ஆறு, ஏழு புள்ளி விழுந்தால் மணி நேரத்தைக் கூட்டிப் பயனில்லை, ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும். பதில் கெடு ஒரு மணி நேரமாக உள்ள தொழில் ஒன்றுக்கு மேல் யாரிடமும் இருக்கக் கூடாது. இரண்டு இருந்தால் ஒன்றுக்கு உதவியாளரை வையுங்கள், அல்லது கெடுவை ஒரு நாளாகத் தள்ளும் வகையில் சேவையை மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வேலை தரும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்கு அனுமதி, போட்டி நிறுவனம், நீங்கள் உருவாக்குவதன் உரிமை யாருக்கு என்ற மூன்று பிரிவுகளையும் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். இரண்டாவது வருமானம் கைக்கு வந்த அன்றே வரிக்கான பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்; சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி பெரும்பாலும் அதையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டதாக இருக்காது.

புது ஏற்பாட்டுக்கு எட்டு வாரம் கொடுங்கள். அதற்குள் கண்காணிக்க வேண்டியவை: ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இரவுகள், தேதி தவறிய வாக்குறுதிகள், வேலையில்லாத நாளாக வைத்த நாளில் செய்த வேலை. ஒரே வாரத்தில் மூன்று குறைந்த இரவு, இரண்டு தவறிய தேதி என்று அடுத்தடுத்து இரண்டு வாரம் வந்தால் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

பர்ன்அவுட் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019ல் நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிலையாக வகைப்படுத்தியது. அதற்கு மூன்று முகம் சொன்னது: தெம்பு வற்றுவது, வேலைமீது வெறுப்போ விலகலோ வருவது, செய்வது பலன் தரவில்லை என்ற உணர்வு. பல தொழில் செய்பவர்களுக்கு இரண்டாவது முகம் ஏமாற்றும். வெறுப்பு ஒரு தொழில்மீது மட்டும் முதலில் வரும். "இது எனக்குச் சரியான துறை இல்லை" என்று முடிவு கட்டி அதைவிட்டு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். சுமை குறையாததால் சில மாதத்தில் புதியதும் கசக்கும். அந்த எண்ணம் வந்தால் முதலில் பத்து நாள் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். வெறுப்பு குறைந்தால் பிரச்சினை சுமையில். குறையாவிட்டால் துறையைப் பற்றி யோசிக்கலாம். தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

ஒன்றைக் குறைக்க முடிவெடுத்தால், குறைந்த வருமானம் தரும் தொழிலைத் தேடாதீர்கள். ஒவ்வொன்றின் வருமானத்தையும் வேலை நேரம், செலவு நேரம், குறுக்கீட்டு நேரம் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். பெரிய வருமானம் தருவதாக நினைத்தது பல சமயம் கடைசியில் நிற்கும். வெளியேறும்போது கிளையன்ட்டுக்கு முப்பது நாள் முன் எழுத்தில் சொல்லுங்கள்: எது முடித்துத் தரப்படும், எது தரப்படாது, கடைசி நாள் எது, அதற்குப் பிறகு யாரை அணுகலாம். "முடிந்தால் பார்க்கிறேன்" என்ற வரி மட்டும் அதில் இருக்கக் கூடாது. அதை எழுதினால் அந்தத் தொழில் இன்னும் ஆறு மாதம் உங்களிடமே இருக்கும்.